இரண்டு தரம் சொல்கிற மிசாவோ

நாலு ஐம்பத்தெட்டுக்கு மிசாவோ நாற்காலியை விட்டு எழுகிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைக்கிறார். ஒரு மிடறு வெந்நீர், ஒரு செருமல். நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், துடைப்பம் வைக்கும் அலமாரி அளவே இருக்கிற கண்ணாடி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். சிவப்பு விளக்கு எரிந்ததும் எங்கள் பிரிவில் யாரும் தும்மக்கூடாது.

"இது… குருமிதானி… நகர அலுவலகம். மணி… ஐந்து. பிள்ளைகளே… விளையாடியது போதும். வீட்டுக்குத்… திரும்புங்கள்." மூச்சு வாங்கிக்கொள்கிறார். "மீண்டும்… சொல்கிறேன்." பிறகு அதே வார்த்தைகள், அதே இடைவெளிகள். இருபத்தாறு வருடமாக அந்த அம்மாள் இப்படித்தான்.

அந்த இடைவெளி ஒன்றும் அலங்காரம் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் நாற்பத்திரண்டு ஒலிபெருக்கிக் கம்பங்கள் நிற்கின்றன. மேற்கு மலைப் பக்கம் பேசியது கிழக்கு மலையில் முட்டிக்கொண்டு வர இரண்டு நொடி ஆகும். அதுவரை அடுத்த சொல்லை வாயிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து கஞ்சியாகிவிடும். இரண்டு தரம் சொல்வதற்கும் காரணம் உண்டு. முதல் தரம் சொல்வது டிராக்டரை நிறுத்துவதற்கு, இரண்டாம் தரம் சொல்வது காதில் வாங்குவதற்கு. குருமிதானியில் பிறந்த எவனும் முதல் தரம் சொன்னதை நம்பி ஒரு காரியமும் செய்யமாட்டான்.

நானும் அதே பிரிவில்தான் இருக்கிறேன். பெயர் குசகா, மிசாவோ மரியாதையாகக் 'குசகா-சான்' என்பார். அவர் வாயால் சொல்வதை நான் மாதம் ஒரு முறை செய்தி மடலில் எழுதுகிறேன். அவர் சொல்வதை ஊரே கேட்கிறது. நான் எழுதுவதில் ஊர் மீன் சுற்றுகிறது. பொறாமையா என்றால், ஆமாம், கொஞ்சம் பொறாமைதான்.

கரடி ஆற்றோரம் வந்தால் மிசாவோ. தேர்தல் நாள் மிசாவோ. பொதுக் குளியல் கூடத்தில் யாரோ பல்செட்டை மறந்துவிட்டுப் போனபோது, "மேல் வரிசைப் பற்கள்… ஒரு செட்… அலுவலகத்தில்… பத்திரமாக உள்ளன" என்று நாற்பத்திரண்டு கம்பங்களிலும் சொன்னதும் மிசாவோதான். மறுநாள் வாயைக் கையால் மூடியபடி ஒருவர் பின்வாசல் வழியாக வந்து வாங்கிக்கொண்டு போனார். யார் என்று மிசாவோ இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இருபத்தாறு வருடம் ஒரு வேலையைச் செய்தால் அது ஆளுக்குள் புகுந்துவிடுகிறது. மதியம் எதிர்க் கடையில் சாப்பிட உட்கார்ந்தால், "சூடா… ஒரு நூடுல்ஸ். வெங்காயத்தாள்… வேண்டாம்" என்பார். கடைக்காரர் ஹிபினோ கரண்டியோடு காத்திருப்பார். "மீண்டும்… சொல்கிறேன். சூடா… ஒரு நூடுல்ஸ்."

"தெரியும்க்கா. நான் கடை தொறந்த நாள்லேர்ந்து உங்களுக்கு வெங்காயத்தாள் வேண்டாம்."

"தெரிஞ்சா… சரி. மீண்டும்…"

"தெரியும்க்கா."

அலுவலகத்தில் என்னிடம் ஸ்டேப்ளர் கேட்டாலும் இதே கதைதான். தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்க வந்த ஒரு பட்டணத்துப் பையன், மிசாவோ முதல் தரம் "வேண்டாம்" என்றதும் பேச்சைத் தொடர்ந்தான். இரண்டாம் தரம் சொன்ன விதத்தில் நடுங்கிப்போய் இயந்திரத்தை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினான். அதைப் பற்றியும் ஒரு அறிவிப்பு வந்தது.

சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பமாகப் போய்ப் பார்ப்பார். ஒலிபெருக்கிக் குழலுக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா, காக்கை குச்சி வைத்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். பன்னிரண்டாம் எண் கம்பத்தில் ஒரு காக்கைக்கும் அவருக்கும் பல வருடப் பகை. அந்தக் காக்கை "திரும்புங்கள்" என்கிற இடத்தில் மட்டும் சேர்ந்து கத்தும். வேண்டுமென்றேதான் கத்துகிறது என்பார் மிசாவோ. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் ஒரு பெண்ணை வளர்த்தார். தம்பி தூரக்கடலில் சூரை மீன் பிடிக்கிற கப்பலில் இருக்கிறார், வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில்தான். தம்பி மனைவி ஒருநாள் கிளம்பிப்போய் வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். ஆறு வயது மடோகா ஒரு பையோடும் ஒரு ஜோடி மழைக்கால பூட்ஸோடும் அத்தை வீட்டுக்கு வந்தாள்.

வந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழந்தை அலுவலக வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மணி ஐந்தே கால். முகமெல்லாம் கோபம்.

"அத்தை, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்றீங்க. நான் போயிட்டேன். வீட்ல யாருமே இல்ல. நீங்க மொதல்ல வீட்டுக்கு வாங்க."

மறுநாளிலிருந்து ஐந்து மணி அறிவிப்பு முடிந்ததும் மடோகா எங்கள் பிரிவில், என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினாள். ஆறு மணிக்கு இருவரும் ஒரே சைக்கிளில் போவார்கள். பேசுவதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருப்பவள்தான்.

அந்த மடோகாவுக்குத்தான் போன நவம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்து ஊரில் நாலு தலைமுறையாக சோயா சாஸ் காய்ச்சும் டொகாஷி குடும்பத்து இளைய பிள்ளை. நல்ல பையன், கொஞ்சம் சோயா வாசம் அடிக்கும், அவ்வளவுதான். செப்டம்பரில் மடோகா அலுவலகத்துக்கே வந்து அத்தையிடம் கேட்டாள்.

"கல்யாணத்துல நீங்கதான் பேசணும் அத்தை. அப்பா கப்பல்லேர்ந்து வந்தாலும் பேசமாட்டார், அழுதுடுவார்."

"நானா," என்றார் மிசாவோ. "மீண்டும் சொல்கிறேன், நானா?"

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது.

எங்கள் வழக்கப்படி கல்யாண மேடையில் 'மீண்டும்' என்று சொல்லக்கூடாது. 'மறுபடி' கூடாது, 'இன்னொரு தடவை' கூடாது. ஒரே சொல்லை அடுக்கியும் சொல்லக்கூடாது. கல்யாணம் ஒரு முறைதான் நடக்க வேண்டும், இரண்டாம் முறை என்கிற நிழல்கூட அந்தக் கூடத்தில் விழக்கூடாது. 'திரும்பு' என்பதும் ஆகாது, பெண் பிறந்த வீட்டுக்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிடுவாளாம். மற்றவர்கள் இதையெல்லாம் ஒரு நாள் கவனித்தால் போதும். மிசாவோவுக்கு மூச்சே அந்த இரண்டு சொற்களில்தான் ஓடுகிறது.

போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் தாயார் டொகாஷி அம்மாள் அழைப்பிதழோடு ஒரு காகிதம் அனுப்பியிருந்தார். சொல்லக்கூடாத சொற்கள், மூன்று பத்தி, அழகான கையெழுத்தில். முதலில் இருந்தது 'மீண்டும்'. கீழே ஒரு குறிப்பும் இருந்தது. மூத்த மகன் கல்யாணத்தில் ஒருவர் வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாராம். ஒன்றரை வருடத்தில் மருமகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். "உங்களை நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று முடித்திருந்தார்.

மிசாவோ அந்தக் காகிதத்தை மடித்து மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். "அந்தம்மா… பயப்படுறது நியாயம்தான், குசகா-சான். பொண்ணோட அம்மாவும் அப்படிப் போனவதான்னு… அவங்களுக்குத் தெரியும். என் வாயால… ஒரு வார்த்தை வந்துச்சுன்னா… இந்தக் குழந்தைய அவங்க காலம்பூரா… ஒரு மாதிரிப் பாப்பாங்க." "மீண்டும்…" என்று தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டார்.

பயிற்சி அன்றைக்கே ஆரம்பமானது. அவர் எந்தச் சொல்லையாவது இரண்டு தரம் சொன்னால் நான் அடிக்கோலால் மேசையைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வாரத்தில் அடிக்கோல் உடைந்தது. வரிவசூல் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, யாராவது ஆணி அடிக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எழுதிக்கொண்டு வந்த பேச்சைத் திருத்துவது அதைவிடப் பெரிய தொல்லை. நம் பேச்சில் பாதி இரட்டை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"'பார்த்துப் பார்த்து வளர்த்தேன்.' ஆகாது," என்றேன்.

"அப்ப… 'பார்த்து வளர்த்தேன்'."

"கோழி வளத்த மாதிரி இருக்கு."

"'அவ சிரிக்கச் சிரிக்கப் பேசுவா'ன்னு எழுதியிருக்கேனே?"

"ஒரு தடவ சிரிச்சாப் போதும்."

"'கொஞ்சம் கொஞ்சமா பழகினோம்'?"

"ஒரு கொஞ்சத்த எடுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "குசகா-சான், நீங்க… எம்மேல இருக்கிற பொறாமையைத் தீத்துக்கிறீங்க." அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மனுஷி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். அக்டோபர் நடுவில் நூடுல்ஸ் கடையில் ஒரே தரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஹிபினோ கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தார். ஐந்து நிமிடம் கழித்து, "அக்கா, நூடுல்ஸ் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டார். "சொன்னேனே," என்றார் மிசாவோ. அவர் முகத்தில் வெற்றி.

அந்த வெற்றிதான் எங்களைக் கவிழ்த்தது. அதே வாரம் கிழக்குப் பகுதியில் குழாய் பழுது. மிசாவோ கண்ணாடி அறைக்குள் போய், "இன்று… இரண்டு மணி முதல்… நான்கு மணி வரை… கிழக்குப் பகுதியில்… குடிநீர்… வராது" என்றார். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார். நான் மடலில் மூழ்கியிருந்தேன், கவனிக்கவில்லை. ஊரில் டிராக்டர்கள் நின்றன, தொலைக்காட்சிகள் நின்றன, எல்லாரும் இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தார்கள். இரண்டாம் தரம் வரவே இல்லை.

இரண்டேகாலுக்குத் தொலைபேசி. கிழக்கு மலையில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் ஒனுமா. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் எல்லாச் சொல்லுக்கும் கடைசி எழுத்து எதிரொலியில் அடிபட்டுத்தான் போய்ச் சேரும்.

"ஏம்மா மிசாவோ, 'குடிநீர் வரா…'ன்னு கேட்டுச்சு. வராதா, வராமலா, வரலாம்னா, என்ன எழவுன்னே தெரியல. ரெண்டாந்தரம் சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. அப்ப ஒண்ணும் முக்கியமில்லன்னு குளிக்கப் போயிட்டேன். இப்ப தலைபூரா சோப்பு. கண்ணு எரியுது. நான் பேசுறது யார்கிட்டன்னு கூடத் தெரியல."

"என்கிட்டதான் பேசுறீங்க, ஒனுமா-சான். மன்னிச்சுக்குங்க."

"மன்னிக்கிறது இருக்கட்டும். ஒரு வாளி தண்ணி அனுப்பு."

அன்றைக்கு நகர அலுவலக வண்டியில் பதினேழு வீட்டுக்கு வாளியில் தண்ணீர் போயிற்று. நானும் தூக்கினேன். எங்கள் பிரிவுத் தலைவர் மிசாவோவைக் கூப்பிட்டு, கோபமாகக்கூட இல்லை, கெஞ்சும் குரலில் சொன்னார். "அறிவிப்புல ரெண்டு தரம் சொல்லுங்க. வெளியில எத்தன தரம் வேணா சொல்லுங்க, சொல்லாமப் போங்க. கரடி வந்து நீங்க ஒரு தரம் சொன்னீங்கன்னா ஊர்ல யாரும் கதவ மூடமாட்டான்."

ஆக, மாலை ஐந்து மணிக்கு நாக்கு ஒரு மாதிரி, ஐந்து பத்துக்கு வேறு மாதிரி. அந்த ஒரு மாதம் மிசாவோ இளைத்துப்போனார். ஒருநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னிடம் சொன்னார். "நான் வேண்டாம்னு சொல்லிடவா? உடம்பு சரியில்லன்னு படுத்துக்கவா? குழந்த கல்யாணம்… என் வாயால கெடணுமா?" அடிக்கோல் புதிதாக வாங்கியிருக்கிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

கல்யாணம் ரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள ஹோட்டல் கூடத்தில். எங்கள் ஊரிலிருந்து முப்பது பேர் ஒரு பக்கம், டொகாஷி உறவினர் ஒரு பக்கம். வழக்கம்போல் மணமக்கள் முன்னால் உயரத்தில், பெற்றவர்கள் கடைசி மேசையில், கதவோரமாக. கப்பலில் இருந்த மடோகாவின் அப்பாவுடைய நாற்காலி மட்டும் காலி. டொகாஷி அம்மாள் சின்ன உடம்பு, நிமிர்ந்த முதுகு, மடியில் இறுக்கிப் பிடித்த கைகள். ஒவ்வொருவர் பேச எழும்போதும் அந்தக் கைகள் வெளுப்பதை நான் பார்த்தேன். சாப்பாட்டைத் தொடவே இல்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போது போய்விட்டது. பாவம், அவரும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

மிசாவோ பெயர் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறப் பட்டுக் கிமோனோவில் போய் ஒலிவாங்கி முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றினார். காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. ஒரு செருமல்.

"மடோகா… ஆறு வயசுல எங்கிட்ட வந்தா. எனக்கு… சமைக்கத் தெரியாது. அவளுக்கு… தனியா இருக்கத் தெரியாது. நான்… ஊருக்கெல்லாம் பேசிட்டு வீட்டுக்குப் போனா… எனக்கு வாய் ஓஞ்சு போயிருக்கும். அவதான் பேசுவா. சைக்கிள்ல பின்னாடி உக்காந்து… பள்ளிக்கூடம், தவளை, சண்டை… எல்லாம் சொல்லுவா. இத்தன வருஷம்… நான் கேட்ட நல்ல சேதியெல்லாம்… அந்தப் பின்சீட்லேர்ந்து வந்ததுதான். இனிமே… அந்தப் பேச்சு உங்க வீட்டுல கேக்கும். அவ பேசட்டும்னு… விடுங்க. அதுதான்… நான் கேட்டுக்கிறது."

ஒரு சொல்கூட இரட்டிக்கவில்லை. மணிமணியாக வந்து விழுந்தது. அவர் தலை குனிந்தார்.

யாரும் கை தட்டவில்லை.

எங்கள் பக்கம் முப்பது பேரும் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கைகளை முழங்காலில் ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒனுமா காதுக்குப் பின்னால் கையைக் குவித்திருந்தார். ஹிபினோ கண்ணை மூடியிருந்தார். இரண்டாம் தரம் கேட்பதற்கு. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் காத்துக்கொண்டிருந்தேன், மாதக்கணக்கில் அடிக்கோல் தட்டிய நானே. டொகாஷி உறவினர் எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ விபரீதம் என்று அவர்களும் தட்டாமல் இருந்தார்கள். மிசாவோவின் உதடு அசைந்தது. பழகிய வாய். 'மீ' என்கிற முதல் எழுத்துக்காக உதடுகள் ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். மடோகாவும் பார்த்தாள், அவள் கை மேசைத் துணியைப் பற்றியது.

அப்போது கடைசி மேசையிலிருந்து ஒரு மெல்லிய குரல்.

"கடைசில சொன்னது எனக்குக் கேக்கலீங்க. மறுபடி சொல்லுங்களேன், மீண்டும் இன்னொரு தடவை."

டொகாஷி அம்மாள். கண்ணெல்லாம் ஈரமாக, பாதி எழுந்து நின்று, ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லியிருந்தார், தன் காகிதத்தில் முதல் மூன்று வரியில் இருந்ததை. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. சிரிக்கவும் முடியாது, ஆறுதல் சொல்லவும் முடியாது. யார் எது சொன்னாலும் அது இன்னும் பெரிதாகிவிடும்.

மிசாவோ ஒலிவாங்கியைப் பார்த்தார். விசையை அழுத்தி அதை அணைத்தார். கிமோனோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். டொகாஷி உறவினர் மேசைகளையும் எங்கள் மேசைகளையும் தாண்டி, கூடத்தின் நீளம் முழுக்க நடந்து கதவோரத்துக்குப் போனார். அங்கே காலியாக இருந்த அந்த நாற்காலியை டொகாஷி அம்மாளின் முழங்கால் தட்டும் அளவுக்கு நெருக்கி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வாயை மூடியிருந்த அந்தக் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். பிறகு உதட்டை அவர் காதருகே வைத்து, அவருக்குக் கேட்காமல் போனதை, அவருக்கு மட்டும், எங்கும் நிறுத்தாமல், எதற்கும் காத்திருக்காமல், கடகடவென்று பேச ஆரம்பித்தார்.